மேட்டூருக்கும் கிள்ளானுக்கும் இடையில்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காவிரிப் பாசனத்தில் வெள்ளையர் ஆட்சி என்னென்ன மாற்றியது என்று பேசச் சொன்னார்கள். நெல் வயல் ஒன்றுகூடக் கண்ணில் படாத பிரிக்பீல்ட்ஸில் இதைக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். உங்களில் பலருடைய பாட்டனோ பூட்டனோ நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். எந்த ஊர் என்று கேட்டால் "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பதோடு பதில் நின்றுவிடும். அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது, ஏன் கிளம்பினார்கள் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

இதைப் பற்றி மேடைகளில் இரண்டு கதைகள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் வந்தான், விவசாயம் கெட்டது என்பது ஒன்று. காட்டன் துரை வந்தார், வயலுக்குத் தண்ணீர் வந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் கூடியது. அந்தத் தண்ணீரை எப்போது, யாருக்கு, எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஊரைவிட்டுப் போனது. ஊரில் இருந்த காலத்தில் அது யார் கையில் இருந்தது என்று கேட்காமல் இதற்காக அழுவதும் சரியில்லை.

1799-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சைக் கோட்டையையும் நூலகத்தையும் வைத்துக்கொண்டு நாட்டைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்டார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் ஆண்டுக்கு ஒரு தொகையும் அவருக்கு. 1855-இல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் அதுவும் முடிந்தது. கும்பினி கைக்கு வந்த நாடு ஏற்கெனவே அடிபட்டிருந்தது. 1781-இல் ஹைதர் அலியின் படை அந்த வயல்களில் புகுந்து போனதிலிருந்து பல ஊர்கள் மீளவில்லை. வரி வேண்டுமானால் விளைய வேண்டும், விளைய வேண்டுமானால் காவிரியில் தண்ணீர் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். கொள்ளிடத்தின் ஓட்டம் நேரானது, படுகை தாழ்வானது. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடத்தில் வெள்ளம் கூடியது, காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. பயிருக்கு வேண்டிய தண்ணீர் நேராகக் கடலுக்குப் போனது. முன்பெல்லாம் மூங்கிலும் தழையும் மணலும் கொண்டு கொரம்பு கட்டி ஒவ்வொரு பருவமும் தண்ணீரைத் திருப்பினார்கள். பெரிய வெள்ளம் வந்தால் கொரம்பு போகும், மறுபடி கட்டுவார்கள். 1804 முதல் கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளர் பழங்காலக் கல்லணையைச் செப்பனிட்டுப் பார்த்தார். போதவில்லை.

பிறகு வந்தவர் ஆர்தர் காட்டன். 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. ஆழம் காண முடியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். தமிழன் பெருமை என்று இதை மேடையில் முழங்குவார்கள். எனக்கோ காட்டன் மேல்தான் மதிப்பு கூடுகிறது. பெயர் தெரியாத பழைய கொத்தனிடம் பாடம் கேட்கத் தயங்காத பொறியாளர் அவர். அந்தப் பாடத்தோடுதான் கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரத்தில் அணை கட்டினார்.

மேலணை வேலை செய்தது, அளவுக்கு மீறியே வேலை செய்தது. சில ஆண்டுகளில் காவிரியின் வாய் அரிக்கத் தொடங்கியது. 1840-களில் அங்கேயும் ஒரு தடுப்புப் போட வேண்டியதாயிற்று. ஆற்றில் ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் கை வைத்தே ஆக வேண்டும். அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. 182 ஆண்டு தாக்குப்பிடித்த கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (சிரிப்பு)

கட்டடக் கதை இதுவரை போதும். எனக்கு முக்கியம் வாய்க்கால்.

பெரிய ஆற்றில் ஓர் அணை என்றால், அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான வாய்க்கால்கள். கோடையில் ஆறு வற்றியதும் வாய்க்காலில் தூர் வாருவார்கள், கரை உயர்த்துவார்கள், மதகு செப்பனிடுவார்கள். இதற்குத்தான் குடிமராமத்து என்று பெயர். எந்த ஊர் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வாருவது, தலைமடைக்காரர் எத்தனை நாள் மடை திறந்து வைக்கலாம், கடைமடைக்கு முறை எப்போது என்பதெல்லாம் எழுதாத சட்டம். அதில் சண்டை இல்லாமலில்லை. மண்டை உடைந்த கதைகள் ஏராளம். ஆனால் உடைந்த மண்டைக்கு வழக்கும் ஊரில்தான், தீர்ப்பும் ஊரில்தான்.

கும்பினி ஆட்சியில் விளைச்சலின் பெரும்பங்கு வரியாகப் போனது. வாய்க்காலுக்குத் திரும்பி வந்தது சொற்பம். தனக்கு மிஞ்சாதபோது ஊர் ஏன் தூர் வாரும்? பராமரிப்பு தளர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் கட்டாயம் வேலைக்கு வர வேண்டும், வராவிட்டால் தண்டம். ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சர்க்கார் உத்தரவு வந்தது. பெரிய ஆறும் பெரிய மதகும் பொதுப்பணித் துறைக்கு, சின்ன வாய்க்கால் ஊருக்கு என்று பிரித்தார்கள். எது பெரிது, எது சின்னது என்ற வாதத்திலேயே பல வாய்க்கால்கள் மேடிட்டன. மடை திறப்பதற்கும் மனு எழுதும் காலம் வந்தது. ஓவர்சியர், அவருக்குக் கீழே மடையில் நிற்கும் லஸ்கர். கடைமடைக்காரர் தலைமடைக்காரரிடம் போட வேண்டிய சண்டையை லஸ்கரிடம் போட்டார், அல்லது லஸ்கருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். 2017-இல் தமிழக அரசு ஏரி, வாய்க்கால்களைத் தூர்வார ஒரு திட்டம் கொண்டுவந்து அதற்குக் குடிமராமத்து என்றே பெயர் வைத்தது. பெயர் திரும்பி வந்தது.

இங்கே ஒரு கேள்வி கேட்காமல் நகரக் கூடாது. ஊர் என்றேனே, அந்த ஊர் யார்? வாய்க்கால் முறையை நிர்ணயித்தவர்கள் நிலவுடைமையாளரான மிராசுதார்கள். சேற்றில் இறங்கித் தூர் வாரியவர்கள் பள்ளரும் பறையரும். அவர்களுக்கு வாரிய வாய்க்காலில் உரிமையில்லை, உழுத வயலில் உரிமையில்லை, குடிசை நின்ற மனையில்கூட உரிமையில்லை. பொற்காலம் ஒன்றை வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்ற கதையை அவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இந்த மண்டபத்தில் அந்தப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது வரி. வாரமுறையில் களத்துமேட்டில் நெல்லைக் குவித்து அளந்து அரசின் பங்கை எடுப்பார்கள். விளைச்சல் குறைந்தால் அரசுக்கும் குறையும். பணவரி வந்ததும் அந்த இழப்பு முழுக்க உழவர் தலையில் விழுந்தது. நெல் விலை ஏறும்போது இது இலாபம், இறங்கும்போது கழுத்துக்குக் கயிறு. கிஸ்தி கட்டும் நாள் காலண்டரில் நிற்கிறது, நெல்லுக்கு நல்ல விலை வரும் நாள் காலண்டரில் இல்லை. அறுத்த கையோடு எல்லாரும் விற்றார்கள், விலை விழுந்தது. குதிரில் வைத்து விலை பார்த்து விற்க முடிந்தவர் பெரிய மிராசுதாரும் வியாபாரியும்தான். இன்னொன்றும் நடந்தது. பல ஊர்களில் நிலம் பொதுவில் இருந்தது. பங்குதாரர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு வயலை மாற்றிக்கொள்வார்கள். நல்ல வயலும் கெட்ட வயலும் எல்லாரிடமும் சுற்றி வரும். அளந்து, எண் போட்டு, ஆளுக்கொரு பட்டா கொடுத்ததும் அந்தச் சுற்று நின்றது. பட்டா இருந்தால் அடகு வைக்கலாம், விற்கலாம், வழக்காடலாம். கும்பகோணத்தில் வக்கீல்கள் பெருகியதற்கு மண்வளமும் ஒரு காரணம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு திருச்சி வரை வந்தது. தஞ்சாவூர் நெல் துறைமுகத்துக்கு எளிதில் போனது, இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் வயிற்றுக்குப் போனது. அதே ரயிலில், அதே துறைமுகத்துக்கு, ஆட்களும் போனார்கள்.

சேலத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் ஆள் கிளம்பியதற்குப் பஞ்சமே போதுமான காரணம். 1876 முதல் 1878 வரை நடந்த பஞ்சத்தைச் சொன்னாலே விளங்கும். தண்ணீர் நிற்கும் வயல், இரண்டு அணைகள், ஏற்றுமதிக்கு மிஞ்சிய நெல், இவையெல்லாம் இருந்த தஞ்சாவூரிலிருந்து ஏன் கிளம்பினார்கள்?

தண்ணீர் நிலத்துக்கு வந்தது, கைக்கு வரவில்லை. அணையால் உயர்ந்தது நிலத்தின் விலை, மிராசுதாரின் குத்தகை, சர்க்காரின் வரி. பண்ணையாளின் கூலி மரக்கால் கணக்கிலேயே நின்றது. 1843-இல் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு நீங்கியது. அதற்கு முன் நிலத்தோடு ஆளையும் சேர்த்து எழுதிய பத்திரங்கள் உண்டு. அதற்குப் பின் ஆளைக் கட்டிப்போட்டது கடன். மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மகனும் பண்ணையாள் ஆவான். இந்தக் கட்டை அறுக்க ஒரே வழி, மிராசுதாரின் கை எட்டாத தூரத்துக்குப் போவது. கடல் அந்தத் தூரத்தைக் கொடுத்தது. ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் பினாங்குக்குப் போகிறார்கள் என்று மிராசுதார்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1872-இல் பினாங்கு உள்ளிட்ட ஜலசந்திக் குடியேற்றங்களுக்கு ஆள் அனுப்புவதைச் சட்டம் போட்டு முறைப்படுத்தினார்கள். மலாயாவில் ஒப்பந்தத்தில் ஆளைக் கட்டும் சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது, கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை தொடர்ந்தது. கடனைவிட்டு வந்தவர் கங்காணியிடம் புதுக்கடனோடு இறங்கினார். ஆனாலும் அவர் ஓடி வந்தவர், அடித்து ஓட்டப்பட்டவர் மட்டுமல்ல. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

இப்போது கிள்ளானுக்கு வருவோம். சிலாங்கூர்க் கடலோரம் சதுப்பு. மழையும் கடலும் சேர்ந்து மண்ணை ஊற வைத்திருக்கும். அங்கே முதலில் காப்பி நட்டார்கள். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்ததும் பால்மரத்துக்கு மாறினார்கள். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. 1910-இல் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. பால்மரம் வேர் ஊறிய மண்ணில் நிற்காது. ஆகவே வடிகால் வெட்ட வேண்டும். கேரித் தீவைப் போய்ப் பாருங்கள், கடலைத் தடுக்கும் கரையும் மதகும் இல்லாவிட்டால் அங்கே தோட்டமே இல்லை. காவிரிக் கரையில் வயலுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்த அதே கைகள், அதே மண்வெட்டி, இங்கே நிலத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றின. மண் வெட்டவும் கரை கட்டவும் தெரிந்தவரைத் தேடி எடுத்தார்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. அவ்வளவு யோசித்தார்களா என்பது வேறு விஷயம்.

ஆனால் நெல் நட அவரை விடவில்லை. இதுதான் என்னை வெகுகாலம் உறுத்திய விஷயம். மலாயாவுக்கு அரிசி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பேராக்கின் கிரியான் பகுதியில் 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு பெரிய பாசனத் திட்டத்தைத் திறந்தார்கள். அங்கே வாய்க்கால் அமைத்த அதே ஆட்சிதான் 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தையும், 1917-இல் நெல் நிலத்தில் வேறு பயிர் கூடாது என்ற சட்டத்தையும் கொண்டுவந்தது. மலாய்க்காரர் நெல் நடட்டும், சீனர் ஈயம் எடுக்கட்டும், தமிழர் பால் வெட்டட்டும் என்று ஆளுக்கொரு வேலை. மலாய் விவசாயிக்கு இது சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். ரப்பரில் காசு கொழித்த காலத்தில் அவர் பட்டாவிலும் ரப்பர் நடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நெல்லோடு அவரையும் கட்டிப்போட்டார்கள்.

தமிழரை ஏன் விடவில்லை? சொந்த வயல் உள்ளவர் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்க மாட்டார். நடவுக்காலத்தில் வரவே மாட்டார். தோட்ட முதலாளிக்கு வேண்டியது நிலமில்லாத கை. 1923 தொழிலாளர் சட்டத்தில் குடும்பம் உள்ள தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தர வேண்டும் என்று எழுதினார்கள். மாகாணி ஏக்கர். வெண்டைக்கும் முருங்கைக்கும் அது போதும். தஞ்சாவூரில் வேலிக்கணக்கில் நெல் நட்டவர் இங்கே மாகாணியில் கீரை போட்டு, ரேஷன் கடைபோல் தோட்டத்தில் தந்த ரங்கூன் அரிசியைச் சமைத்தார். அந்த அரிசிக்கும் ஒரு கதை உண்டு. 1852-க்குப் பின் ஐராவதி வடிநிலத்தைக் காடு அழித்து வயலாக்கினார்கள். கடன் கொடுத்தவர்களில் செட்டியார்கள் முன்னணி. காவிரி ஆளை அனுப்பியது, ஐராவதி அரிசியை அனுப்பியது, கிள்ளான் ரப்பரை அனுப்பியது. கணக்கு லண்டனில் முடிந்தது.

1930-இல் அந்தக் கணக்கு உடைந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களை ஓரிரு ஆண்டுகளில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் நெல் விலையும் விழுந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலும் கதவு சாத்தியது. பர்மாவில் கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது, அதற்கான கோபத்தைப் பிறகு எல்லா இந்தியரும் வாங்கிக்கொண்டார்கள்.

வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936 இறுதியில் இந்தியத் தொழிலாளர் நிலையை அறிய மலாயா வந்தார். காவிரிப் பிள்ளை, பண்ணையாள் முறையைப் பார்த்து வளர்ந்தவர். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். தோட்ட நிர்வாகத்தை அவர் மிருதுவாகவே அணுகினார் என்ற குறை அப்போதே எழுந்தது. எனக்கும் அந்தக் குறை உண்டு. வலங்கைமான் பண்ணையாளை அளவுகோலாக வைத்தால் கிள்ளானில் தொழிலாளர் குடியிருந்த லயம் மோசமாகத் தெரியாது. 1938-இல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

இதே ஆண்டுகளில்தான் மேட்டூர் எழுந்தது. 1924-இல் சென்னையும் மைசூரும் ஒப்பந்தம் செய்தன, 1925-இல் வேலை தொடங்கியது, 1934-இல் திறந்தார்கள். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). கல்லணையிலிருந்து புது ஆறு வெட்டி, பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் போனது. சுமார் 3 லட்சம் ஏக்கர் புதுப்பாசனம் என்பது திட்டம். முதல் போகக் குறுவை நெல்லுக்கு நம்பிக்கை வந்தது, இது சின்னப் பலன் இல்லை. வெள்ளம் வரும்போது கிடைத்ததை வைத்துப் பிழைத்த காலம் போய், அணை திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி வந்தது. பழைய வெள்ளம் சிவந்த வண்டலைக் கொண்டுவந்து வயலில் போட்டுவிட்டுப் போகும். அணை தண்ணீரை விட்டது, வண்டலைப் பெருமளவு தன்னிடமே நிறுத்திக்கொண்டது. அந்த இடத்தை மூட்டை உரம் பிடித்தது. மடைக்கான முடிவு முதலில் ஊரிலிருந்து ஓவர்சியரிடம் போனது, ஓவர்சியரிடமிருந்து மேட்டூருக்குப் போனது. 1974-இல் அந்த ஒப்பந்தத்தின் 50 ஆண்டு முடிந்தபின் நாளடைவில் முடிவு நடுவர் மன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2018 தீர்ப்பின்படி கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. கடைமடைக்காரர் டெல்லிச் செய்தி கேட்டு நாற்றங்கால் போடுகிறார்.

அதே முப்பதுகளில் இங்கேயும் நெல் நினைவு வந்தது. 1932-இல் பாசன வடிகால் இலாகா அமைந்தது. கோல சிலாங்கூருக்கு வடக்கே சதுப்பை வடித்து, பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, தஞ்சோங் காராங் திட்டம் உருவானது. இன்றைக்கு அந்த வட்டாரத்தில் சுமார் 20,000 ஹெக்டேர் நெல். சனி, ஞாயிறில் செகிஞ்சான் போய் வயல் நடுவில் நின்று படம் எடுத்து, மீன் வாங்கிக்கொண்டு வருகிறோம் அல்லவா, அதுதான். அந்தத் திட்டத்திலும் நில ஒதுக்கீடு மலாய், ஜாவா, பஞ்சார் குடும்பங்களை நோக்கியே போனது. பிறகு செகிஞ்சானில் சீனர்கள் நெல்லில் பெயர் எடுத்தார்கள். ஒரு காலத்தில் ஆசியாவின் பழைய பாசனக்காரர்களுள் ஒருவராக இருந்த நம்மவர், இரண்டு மணி நேரத் தொலைவில் லயத்தில் இருந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு கரையிலும் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டிவந்தது. தஞ்சாவூரில் 1952-இல் குத்தகைக்காரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும், கூலி உயர்வு கேட்டவர்களுக்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 44 பேரை எரித்துக் கொன்றார்கள். 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் குடிசை போட்டிருந்த மனை அவர் பெயருக்கே மாறியது. வயல் இல்லை, மனை மட்டும். ஆனாலும் இனி மிராசுதார் இரவோடு இரவாகக் குடிசையைப் பிரித்துப்போட முடியாது.

இங்கே 1950-களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வெளியே போகும் சாலைக்குப் பெயர் கொடுத்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, பால்வெட்டுக் கூலியிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தோடு தொடங்கியது. தொழிலாளி பங்குதாரர் ஆனார். பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் நகரம் தோட்டங்களை விழுங்கியபோது, பெரும்பாலான லயங்கள் சங்கத்துக்கு வெளியேதான் இருந்தன. வீடு தோட்டத்துடையது, தோட்டம் கம்பெனியுடையது, கம்பெனி மேம்பாட்டாளருடையது. குடியிருப்புச் சட்டம் போல ஒன்று இங்கே வந்திருந்தால் இன்றைக்கு அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் எத்தனை பேரின் பெயரில் மனை இருந்திருக்கும் என்பதை உங்களில் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள்தான் சொல்ல வேண்டும். பேச்சை நிறுத்துகிறேன், கேள்விகளை அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.